உதவும், உதவலாம், உதவுமாம்: மூச்சுத் திணறும் பிள்ளையின் அருகே தமிழ்



ஓய்வுபெற்ற மொழியியலாளன் ஒருவனைப் பேச அழைத்தால் வினைமுற்றைப் பற்றியும் விகுதியைப் பற்றியும் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த எதிர்பார்ப்பை நான் பொய்யாக்கப் போவதில்லை. ஆனால் இன்று அந்த விகுதிகளை ஏட்டிலிருந்து எடுக்காமல், மருத்துவமனை வராந்தா ஒன்றிலிருந்து எடுத்து உங்கள் முன் வைக்கிறேன்.

என் அக்காள் மலாக்கா மாநிலத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் மகனோடு நகர்ப்புற வீடமைப்புப் பகுதியில் குடியேறினார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பேரன், மூன்று வயதுப் பிள்ளை, கடுமையான நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். சுவாசக் கருவி பொருத்தப்பட்டும் ஆறாம் நாள் இறந்துபோனான். அதன்பின் நான் அக்காள் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "இருந்த மருந்த குடுக்காம விட்டுட்டாங்க தம்பி."

அவர் குறிப்பிட்ட மருந்தின் பெயர் சர்ஃபாக்டன்ட். அது அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து அக்காள் வந்தடைந்த முடிவு சரியன்று. சரியல்லாத அந்த முடிவை அவர் தாமாக உண்டாக்கிக்கொள்ளவுமில்லை. மூன்று மொழிகளின் வழியாக அவர் காதுக்கு வந்து சேர்ந்த ஒரு வினைமுற்று அதை உண்டாக்கியது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

நுரையும் ஈரலும்

முதலில் மருந்தைப் புரிந்துகொள்வோம். நுரையீரல் என்னும் நம் சொல் நுரை, ஈரல் என்னும் இரண்டு சொற்களின் சேர்க்கை. ஆட்டிறைச்சி வாங்கிப் பழகியவர்கள் இதன் பொருத்தத்தை அறிவார்கள். நுரையீரலை அரிந்து அழுத்தினால் நுரை கசியும்; நீரில் இட்டால் மிதக்கும். இச்சொல்லை ஆக்கியவர்கள் கண்ணால் கண்டதைப் பெயராக்கினார்கள். அந்த நுரையில் ஓர் உயிர்ப் பொருள் ஒளிந்திருக்கிறது என்பதை அறிவியல் கண்டறிந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

சேம்பு இலையின் மேல் விழுந்த மழைத்துளி பரவாமல் உருண்டு திரண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நீரின் மேற்புறம் தன்னைத் தானே இழுத்துச் சுருக்கிக்கொள்ள முயல்கிறது. தமிழகப் பாடநூல்கள் இதனைப் பரப்பு இழுவிசை என்கின்றன. நுரையீரலின் உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 30 கோடி. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுடையது. ஒவ்வொன்றின் உட்சுவரும் ஈரமானது. அந்த ஈரம் சுருங்க முயன்றுகொண்டே இருக்கிறது. தடுப்பு ஏதும் இல்லையெனில், நனைந்த நெகிழிப் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல, மூச்சை வெளிவிடும் ஒவ்வொரு முறையும் அந்த அறைகள் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் திறக்கப் பெரும் ஆற்றல் வேண்டும்.

இந்த இழுவிசையின் வலிமையை 1929ஆம் ஆண்டிலேயே கர்ட் ஃபான் நீர்கார்ட் என்னும் ஆய்வாளர் காட்டினார். நுரையீரலைக் காற்றால் நிரப்புவதைவிட நீர்மத்தால் நிரப்புவது எளிதாயிருப்பதை அவர் கண்டார். 1955இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டில், நுரையீரலிலிருந்து வந்த நுரையின் குமிழிகள் உடையாமல் நெடுநேரம் நிற்பதைக் கவனித்தார். அவற்றைச் சூழ்ந்துள்ள ஏதோ ஒரு படலம் இழுவிசையைத் தணிக்கிறது என்று உணர்ந்தார். நம் முன்னோர் பெயரில் வைத்த நுரையே அவருக்கு வழிகாட்டியது. 1957இல் அமெரிக்காவின் ஜான் கிளெமன்ட்ஸ் அந்த விளைவை அளந்து காட்டினார். அந்தப் பொருளை நுரையீரல் தானே சுரக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, எஞ்சியது புரதம்.

1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் ஒரு பெரிய புதிரை அவிழ்த்தனர். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் போதிய அளவு இல்லை. கருவில் ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் சுரக்கத் தொடங்கும் அது, 34, 35ஆம் வாரமளவில்தான் நிறைவடைகிறது. அதற்குமுன் பிறக்கும் குழந்தை, ஒட்டிக்கொள்ளும் பைகளோடு பிறக்கிறது. காரணம் தெரிந்தும் அன்று மருந்தில்லை. 1963 ஆகஸ்டு 7ஆம் நாள் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இந்நோயால் இரண்டே நாளில் இறந்தான். ஓர் அதிபராலும் அன்று தம் பிள்ளைக்கு மூச்சு வாங்கித்தர இயலவில்லை.

1980இல் ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த பொருளைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தி நல்ல பயன் கண்டார். 1990ஆம் ஆண்டு முதல் இத்தகைய மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இன்று குறைமாதக் குழந்தை மருத்துவத்தில் இதன் பயன் ஐயத்திற்கு இடமற்றது. அக்காள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த குழந்தையொன்று இம்மருந்தால் பிழைத்தது. மருந்து பால்போல் வெண்மையாக இருந்ததால், அந்த வரிசையில் அனைவரும் அதனைப் 'பால் மருந்து' என்றே சொன்னார்கள். பால் மரத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அப்பெயர் இயல்பாகவே வந்தது.

ஒரே பெயர், இரண்டு நோய்

இங்கேதான் மொழிச் சிக்கல் தொடங்குகிறது.

1967இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர்கள் 12 நோயாளர்களைப் பற்றி எழுதினார்கள். விபத்தாலோ தொற்றாலோ அவர்களின் நுரையீரல் திடீரெனச் செயலிழந்தது. குறைமாதக் குழந்தைகளின் நோயை அது ஒத்திருப்பதை அவர்கள் கண்டனர். அந்த ஒப்புமையால் பின்னர் அந்நோய் 'வளர்ந்தோர் சுவாசத் துன்ப நோய்த்தொகுதி' என்று பெயர்பெற்றது. ஆனால் பிள்ளைகளுக்கும் அது வருகிறது. எனவே 1994இல் அமெரிக்க, ஐரோப்பிய வல்லுநர்கள் கூடி, ஆங்கிலப் பெயரிலிருந்த 'அடல்ட்' என்னும் சொல்லை நீக்கி 'அக்யூட்' என்று மாற்றினார்கள். முதலெழுத்து ஒன்றே ஆதலால் சுருக்கப் பெயர் மாறவில்லை. பொருள் மட்டும் மாறியது.

'அக்யூட்' என்பதை நாம் தீவிரம் என்றோ கடுமை என்றோ மொழிபெயர்க்கிறோம். மருத்துவத்தில் அச்சொல் முதன்மையாக நோய் விரைந்து தோன்றியதைக் குறிக்கிறது. நோயின் கடுமைக்கு வேறு சொல் உண்டு. நாம் இரண்டையும் ஒரே குட்டையில் கலந்துவிடுகிறோம். 'திடீர்' என்னும் எளிய சொல் நம்மிடம் இருக்கிறது. அதை மருத்துவத் தமிழ் ஏனோ தாழ்வாகக் கருதிவிட்டது.

பெயரும் தோற்றமும் ஒத்திருந்தாலும் இரண்டு நோய்களின் உட்பொருள் வேறு. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் அந்தப் பொருள் இன்னும் சுரக்கவில்லை. இல்லாததை நாம் ஊற்றுகிறோம், பை திறக்கிறது. கடும் அழற்சியுற்ற பிள்ளையின் நுரையீரலில் அது முன்பே சுரந்திருந்தது. நோயினால் இரத்தத்திலிருந்து புரத நீர் காற்றறைகளுக்குள் கசிந்து, அதனைக் கெடுத்துவிட்டது. அவ்விடத்தில் புதிதாக ஊற்றுவதும் கெட்டுப்போகக்கூடும். முன்னதில் குறைபாடு, பின்னதில் சிதைவு. இந்த வேறுபாட்டை அக்காளுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. அண்டை வீட்டுக் குழந்தைக்கு மூச்சுத் திணறல், பால் மருந்து, பிழைத்தது. தம் பேரனுக்கும் மூச்சுத் திணறல். அவர் தம் அறிவுக்கு எட்டியவரை சரியாகவே எண்ணினார்.

டிரசர் இருந்த காலம்

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் இந்நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை அமைத்தார். அதன்பின் இம்மாநிலத் தோட்டங்களில் குடியேறிய நம் மக்களுக்கு மருத்துவம் என்பது தோட்டத்து டிரசர் வழியாகவே அறிமுகமானது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து டிரசர் தமிழர். அவர் பெரிய மருத்துவர் அல்லர்; எத்தனையோ நோய்கள் அவர் கைக்கு அப்பாற்பட்டவை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் முதலில் அவரிடம்தான் செல்வார்கள். "அங்க என்ன சொன்னாங்க?" என்று அவர் கேட்பார். தாளைப் பார்ப்பார். பிறகு லயத்துத் தமிழில் விளக்குவார். அவர் மருந்து தந்ததைவிட மொழி தந்ததே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். மருத்துவம் பன்மடங்கு வளர்ந்தது. இடையில் இருந்த விளக்குநர் மட்டும் காணாமற்போனார். அவருக்குப் பதிலாக இன்று வீட்டில் மலாய் நன்கு அறிந்த மகனோ மகளோ நிற்கிறார். தம் பிள்ளையைப் பறிகொடுக்கும் அச்சத்தில் இருக்கும் ஒருவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க நேர்கிறது.

ஒரு வினைமுற்றின் பயணம்

நான்காம் நாள் நடந்ததை என் அக்காள் மகன் பின்னாளில் எனக்கு விரிவாகச் சொன்னார். மருத்துவர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் பேசியபோது, சர்ஃபாக்டன்ட் 'மே ஹெல்ப்' என்று ஒருவர் சொன்னார். உதவக்கூடும், உதவாமலும் போகக்கூடும் என்பது அதன் பொருள். தாதி ஒருவர் அதனை அன்போடு மலாயில் எடுத்துரைத்தார்: மருந்தொன்று உண்டு, 'போலே தோலோங்'. மலாய் மொழியின் 'போலே' என்னும் சொல் இயலும், தகும், கூடும் ஆகிய மூன்றையும் தழுவியது. ஐயத்தை மட்டும் உணர்த்த 'முங்கின்' என்னும் சொல் தனியே உண்டு; அவசரத்தில் அது வரவில்லை. மகன் 'இயலும்' என்னும் பொருளைக் கொண்டார். வெளியே வந்து தாயிடம் சொன்னார்: "ஒரு மருந்து இருக்காம்மா. உதவுமாம்."

இந்த ஒரு சொல்லைச் சற்று நிறுத்திப் பார்ப்போம்.

'உதவும்' என்பது செய்யும் என்னும் முற்று. நெருப்பு சுடும், மழை பெய்யும், மாடு பால் தரும் என்று என்றும் உள்ள இயல்பையும் இதே முற்றால் சொல்கிறோம். நாளை நடக்கவிருப்பதையும் இதனாலேயே சொல்கிறோம். ஆகவே 'மருந்து உதவும்' என்பது தமிழ்க் காதுக்கு 'நெருப்பு சுடும்' என்பதற்கு நிகரான உறுதியுடன் விழுகிறது.

'உதவலாம்' என்பது 'உதவல் ஆம்' என்பதன் சேர்க்கை. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. 'நாளை மழை பெய்யலாம்' என்றால் ஐயம். 'நீங்கள் உள்ளே வரலாம்' என்றால் இசைவு. 'இந்த மருந்தைக் கொடுக்கலாம்' என்று மருத்துவர் சொன்னால், அது வழிகளில் ஒன்று என்று அவர் கருதியிருப்பார். கேட்பவரோ 'கொடுப்போம்' என்னும் முடிவாக அதனைக் கொள்வார்.

'உதவுமாம்' என்பதிலும் ஈற்றில் 'ஆம்' நிற்கிறது. 'ஆகும்' என்பதன் சுருக்கமான அதே 'ஆம்' இங்கே வேறு பணி செய்கிறது. 'நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது' என்று அது அறிவிக்கிறது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள்போல, 'உதவலாம்' என்பதன் ஆம் ஐயத்தைச் சுமக்கிறது. 'உதவுமாம்' என்பதன் ஆம் கேள்விச் செய்தியைச் சுமக்கிறது. மகன் பொய் சொல்லவில்லை. பிறர் சொன்னதாகவே சொன்னார்; இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் மருந்தின்மேல் இருந்த ஐயம், தமிழுக்கு வந்தபோது மருந்தை விட்டு நீங்கிவிட்டது. மருந்து உறுதியானது, சொன்னவர் மட்டும் வேறொருவர். எனவே மறுநாள் அம்மருந்து வேண்டாம் என்று மருத்துவர்கள் தீர்மானித்தபோது, உதவக்கூடிய ஒன்றை மறுத்தார்கள் என்றே அக்காளுக்குப் பட்டது.

ஐந்தாம் நாள் நானும் அந்த வராந்தாவில் இருந்தேன். மும்மொழியும் அறிந்தவன், இடைச்சொற்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியவன். "மருத்துவர் என்ன சொன்னார்?" என்று நான் ஒருமுறைகூட உள்ளே சென்று கேட்கவில்லை. வருந்தும் குடும்பத்தில் கேள்வி கேட்பது மரியாதையன்று என்று எண்ணினேன். அந்த மௌனத்திற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

அறிந்ததை அறிந்த அளவில் சொல்லுதல்

அப்படியானால் உண்மை நிலை என்ன? பிள்ளைகளின் திடீர் நுரையீரல் செயலிழப்பில் இம்மருந்து பயன் தருமா என்பதை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 1999இல் அமெரிக்காவில் 42 பிள்ளைகளிடையே, கன்றின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட் சோதிக்கப்பட்டது. இரத்தத்தில் உயிர்வளி ஏறியது. 2005இல் டக்ளஸ் வில்சனும் உடன் ஆய்வாளர்களும் 21 மருத்துவமனைகளில் 153 பிள்ளைகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். மருந்து பெறாத குழுவில் நூற்றுக்கு 36 பிள்ளைகள் இறந்தனர். பெற்ற குழுவில் நூற்றுக்கு 19 பேர். பெரும் நம்பிக்கை பிறந்தது. எனினும் மருந்து பெறாத குழுவில் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைகள் கூடுதலாக இருந்தனர். அதைக் கணக்கில் எடுத்தபோது இறப்பில் கண்ட வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. நுரையீரல் நேரடியாகத் தாக்கப்பட்ட பிள்ளைகளை மட்டும் தேர்ந்து மீண்டும் ஓர் ஆய்வு நடந்தது. 2013இல் வெளியான அதன் முடிவு ஏமாற்றமளித்தது. பயன் தென்படாததால் அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2015இல் பன்னாட்டுக் குழந்தை மருத்துவ வல்லுநர் குழு, இம்மருந்தை இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது.

இதனை ஒரு தாய்க்கு அல்லது பாட்டிக்கு எப்படிச் சொல்வது? செய்யும் என்னும் முற்றைக் கைவிட்டு இறந்தகால முற்றைக் கைக்கொள்ளுங்கள் என்பதே நான் கூறும் வழி. 'உதவும்', 'உதவாது' என்று இயல்பு கூறாமல், நடந்ததைக் கூறுங்கள். "இந்த மருந்தைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், பலர் பிழைத்தார்கள். உங்கள் பேரனைப்போல் நெஞ்சில் நோய்கண்ட பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு முறை பயன் கிடைத்ததுபோல் இருந்தது. மறுமுறை கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் இப்போது வேறு வழிகளை நம்புகிறோம்." இதில் கலைச்சொல் ஒன்றும் இல்லை. எண்ணையும் காலத்தையும் மதித்த எளிய தமிழ். தமிழின் இறந்தகாலம் ஐயத்தையும் ஒளிக்காது, நம்பிக்கையையும் பெருக்காது.

கேட்பவரிடம், "நான் சொன்னதை உங்கள் சொல்லில் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பதும் நன்று. அன்று அக்காளிடம் யாரேனும் அப்படிக் கேட்டிருந்தால், 'உதவுமாம்' என்பது உடனே வெளிப்பட்டிருக்கும்.

மருந்தின் பிறப்பிடம்

சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. பரவலாகப் பயன்படும் சர்ஃபாக்டன்ட் மருந்துகள் மாட்டின் அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படுகின்றன. நம் நாட்டில் இது சிறு செய்தியன்று. இசுலாமியக் குடும்பம் பன்றியைப் பற்றிக் கேட்கும். உயிர் காக்கும் நெருக்கடியில் விலக்குண்டு என்னும் கோட்பாடும் அவர்களுக்கு உண்டு. மாட்டிறைச்சி உண்ணாத தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. முன்கூட்டிச் சொன்னால் பலர் தயங்காமல் இசைவார்கள் என்றே நான் நம்புகிறேன். பிள்ளையின் உயிருக்கு முன் எந்தத் தாய் கணக்குப் பார்ப்பாள்? ஆனால் பிற்காலத்தில் வேறொருவர் வாயால் கேட்டுத் துணுக்குறுவது வேறு. கையொப்பம் என்பது மையால் இடப்படுவதன்று, அறிவால் இடப்படுவது.

சொல்லை ஆக்குவதா, பொருளை விளக்குவதா?

இந்த மருந்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்பீர்கள். பரப்பியங்கி, மேற்பரப்புச் செயலி என்னும் ஆக்கங்கள் வழங்குகின்றன. அவை வேதியியல் வகுப்பறைக்கு ஏற்றவை. ஆங்கிலச் சொல்லும் மூன்று சொற்களைச் சுருக்கிச் செய்ததே. மலாய் அதனைச் சுர்ஃபக்தான் என்று அப்படியே ஏற்றது. 1847இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1867இல் 'இரணவைத்தியம்' என்றும் 1875இல் 'கெமிஸ்தம்' என்றும் நூல்களுக்குப் பெயரிட்டார். முன்னதில் நம் வழக்கிலிருந்த சொற்கள். பின்னதில் கடன்சொல்லுக்குத் தமிழ் உடை. எது மாணவனுக்கு விளங்குமோ அதுவே அவருக்கு அளவுகோல் என்று நான் கொள்கிறேன். படுக்கையருகே நமக்கும் அதுவே அளவுகோலாகட்டும். பெயர் சர்ஃபாக்டன்ட் என்றே இருக்கட்டும். குடும்பம் அந்தப் பெயரைப் பிற மருத்துவரிடமும் சொல்ல வேண்டுமல்லவா? அதனுடன் ஒரு விளக்கம் கட்டாயம் சேரட்டும்.

அந்த விளக்கத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் என் அக்காளே. கடந்த ஆண்டு ஒரு மாலையில், இத்தனை ஆண்டுத் தயக்கத்தையும் விட்டு, அவரோடு உட்கார்ந்து இங்கே சொன்ன அனைத்தையும் சொன்னேன். நனைந்த நெகிழிப் பையைக் காட்டி, ஒட்டாமல் காப்பது இந்த மருந்து என்றேன். அவர் புரிந்துகொண்டார். பிறகு, பேரனின் நெஞ்சில் அந்தப் பொருள் இல்லாமற்போகவில்லை, நோய்நீர் கலந்து கெட்டுப்போனது என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின் தாமே சொன்னார்:

"ஆசிட் கெடந்த வாளியில புதுப்பால் ஊத்தினா, அதுவும் ஒறஞ்சுதான தம்பி போகும்?"

முப்பது ஆண்டு பால் சுமந்தவரின் அறிவு அது. ரப்பர்ப் பாலை உறையவைக்க ஆசிட் சேர்ப்பார்கள். கழுவாத வாளியில் ஊற்றிய நல்ல பாலும் திரிந்துவிடும். நான் பல கட்டுரைகளைப் படித்து விளங்கிக்கொண்டதை அவர் ஒரு வாளியில் அடக்கிவிட்டார். நோயின் வேதியியல் அதுவே என்று நான் வாதிடவில்லை. உவமைக்கு எல்லை உண்டு. ஆனால் நல்லதையும் கெடுக்கும் சூழல் என்னும் கருத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

"அப்ப வேணும்னு குடுக்காம விடல" என்றார். அவருடைய துயரம் அதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பேரன் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் துயரத்தோடு சேர்ந்து இத்தனை ஆண்டுகள் அவர் சுமந்த வஞ்சிக்கப்பட்ட உணர்வு அன்று இறங்கியது. அது அன்றே, அந்த வராந்தாவிலேயே இறங்கியிருக்க வேண்டிய சுமை.

நாம் செய்யக்கூடியவை

அன்பர்களே, இதற்குப் பெரும் நிதியோ சட்டமோ வேண்டியதில்லை. மூன்று சிறு செயல்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, குழந்தை மருத்துவத்தில் அடிக்கடி எழும் செய்திகளை, அது என்ன செய்கிறது, எதிலிருந்து வருகிறது, எவ்வளவு உறுதி என்னும் மூன்று தலைப்பில் எளிய தமிழில் ஒரு பக்க அட்டைகளாக்குவது. மருத்துவர்கள் உண்மையைச் சரிபார்க்கட்டும். ஆசிரியர்கள் மொழியைச் சரிபார்க்கட்டும். தோட்டத்தில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் இறுதியாகக் கேட்டு ஒப்புதல் தரட்டும்.

இரண்டாவது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும் தாதியரும் குடும்பங்களுக்கு மொழித்துணையாக வர இசையும் ஒரு பட்டியலை ஆயத்தம் செய்து, மருத்துவமனைகளிடம் முறையாக ஒப்படைப்பது. மொழித்துணை என்பது தமிழைத் திணிப்பதன்று. மலாக்காச் செட்டி உறவினர்கள் மலாயை வீட்டு மொழியாகக் கொண்டு கோயிலையும் சடங்கையும் காத்து வருகிறார்கள். அவர்களுக்கு மலாயே உற்ற மொழி. எந்த மொழியில் ஒருவர் அழுவாரோ அந்த மொழியில் அவருக்கு விளக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளிகளில் வினைமுற்றைக் கற்பிக்கும்போது, 'உதவும்', 'உதவலாம்', 'உதவுமாம்' ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதி, மருத்துவர் சொன்னதாக ஒரு செய்தியைத் தந்து, வீட்டில் பாட்டியிடம் எப்படிச் சொல்வாய் என்று மாணவரைக் கேட்பது. இன்று அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைதான் நாளை வராந்தாவில் மொழிபெயர்ப்பாளராக நிற்கப்போகிறது.

இலக்கணம் தேர்வுக்காகக் கற்பது என்று பலர் எண்ணுகிறார்கள். ஓர் எழுத்துக்கும் ஓர் ஈற்றுக்கும் இவ்வளவு பொறுப்பு உண்டு என்பதை நான் நூலகத்தில் கற்கவில்லை. என் குடும்பத்தின் இழப்பில் கற்றேன். அதனை உங்களிடம் ஒப்படைக்கவே இன்று வந்தேன்.